இவருடைய மஞ்சள்

1

என் கணவர் போய் ஒரு வருடம்; இவருடைய ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு முகங்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் இவருடையவை அல்ல.

முதலாவதைக் கொண்டுவந்தவன் குகன், இவருடைய தம்பி. ஒஸ்லோவின் ஒரு கோடியில் ஹவுகெட்டோவிலிருந்து எங்கள் புருசெத் வரை காரின் முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியும் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் பழைய படம் ஒன்றை அனுப்பிப் பெரிதாக்கிச் செய்வித்ததாம். இவருக்குக் கறுத்தக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது இவர் போட்டது பேருந்துச் சாரதியின் சீருடை மட்டும்தான். கலியாணத்துக்குக் கூட வேட்டி. வழுக்கை விழுந்த இடத்தில் மயிர் அடர்ந்து கறுத்திருந்தது. முகம் ரோஜாப்பூ நிறம். பொதுநிறம் என்று சொல்லிச் சமாளிக்கிற கறுப்பல்ல இவருடையது. சந்தியில் யாராவது ‘டேய் கறுவல்’ என்று கூப்பிட்டால் தானாகவே திரும்பிப் பார்க்கிற கறுப்பு. செத்த மாடு ஒரு குடம் பால் கறந்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான்.

“அண்ணை நல்ல வடிவா வந்திருக்கிறார், என்ன அண்ணி?” என்றான் குகன்.

“ஓம். ஆரது?” என்று கேட்டேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

இரண்டாவதைக் கொண்டுவந்தவள் அபி, எங்களுடைய ஒரே பிள்ளை. நிலக்கீழ் ரயிலில், கட்டில் விரிப்பால் சுற்றிக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவளே கீறிய ஓவியம். விரிப்பை அவிழ்த்தபோது குகனின் சிரிப்பு நின்றுவிட்டது. பச்சை முகம். தாடைக்குக் கீழே ஊதா. மூக்கின் ஒரு பக்கம் செம்மஞ்சள். காது இரத்தச் சிவப்பு. தலையணை இருக்க வேண்டிய இடத்தில் சாயம் பூசாத வெறும் சீலை.

“பிள்ளை, இது ஆர்?”

“சித்தப்பா, இது அப்பா.”

“ஐயர் இதைக் கண்டா எழும்பி ஓடிடுவார் பிள்ளை.”

குசினியில் மரக்கறிகள் ஆறிக்கொண்டிருந்தன. ஐயர் எந்த நேரமும் வரலாம். படையலுக்கு முன்னால் எந்த முகத்தை வைப்பது என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்ன முடிவெடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அங்கே ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, இந்த மனிதரின் முகத்தை இதற்கு முன்னும் எத்தனை பேர் நிறம் மாற்றினார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

2

தொடக்கிவைத்தது யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரன்தான்.

இவர் நொர்வேயிலிருந்து தாய்க்கு அனுப்பிய படத்தை, மாமி அந்த ஸ்ரூடியோவில் கொடுத்து ‘பெண் வீட்டுக்குக் காட்டக்கூடிய மாதிரி’ செய்து வாங்கியிருக்கிறா. எங்கள் வீட்டுக்கு வந்த படத்தில் இருந்தவர் வெள்ளை வெளேரென்று ஒரு மாப்பிள்ளை. ‘நொர்வேக் குளிருக்கு நிறம் வெளுத்திடும்’ என்று தரகர் விளக்கம் வேறு சொன்னார். நாங்களும் நம்பினோம். வெளிநாடு என்றால் தோல் வெளுக்கும் என்று நம்பிய சனம்தானே நாங்கள்!

ஒஸ்லோவின் பழைய விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். கையில் ஒரு பெட்டி, மனதில் ஒரு வெள்ளை மாப்பிள்ளை. அவரைக் காணவில்லை. கறுத்த, மெலிந்த ஒருவர் மட்டும் பெண்கள் போடுகிற குளிர்ச்சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரிடமே போய்க் கேட்டேன்.

“நீங்கள் தமிழோ? இஞ்சை ஒருத்தர் என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறனெண்டவர். கண்டனீங்களோ?”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார்.

“அவர் வரேல்லை,” என்றார். “என்னை அனுப்பினவர்.”

குளிர்ச்சட்டையைத் தந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காரில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வீட்டு வாசலில், திறப்பைக் கதவில் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “உள்ளுக்கு வாரும். நான்தான் அது.”

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இவர் வெளியில் நின்று, “கறுப்பே அழகு, காந்தலே ருசி எண்டு உங்கட வீட்டில ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?” என்று கேட்டார். அந்த மனிதரோடுதான் நான் முப்பது வருடத்துக்குக் கிட்டக் குடித்தனம் நடத்தினேன். பாவம் என்று நினைக்காதீர்கள். அந்த நாக்குக்கு நானும் ஈடுகொடுத்திருக்கிறேன்.

3

அபி ஓவியம் படிக்கப் போனாள். டொக்டர், இஞ்சினியர் என்று பிள்ளைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்த புருசெத், ரொம்சோஸ் சனம் எங்களைக் கண்டால் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தது. இவர் மட்டும், “கீறட்டும். பஸ்ஸுக்குப் பெயின்ற் அடிக்கவும் ஆள் வேணும்தானே,” என்பார்.

படிப்பின் கடைசியில், இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு முன்னர் வாழ்ந்த ஓவியர் ஒருவரைப் பற்றி அவள் ஆய்வு எழுதினாள். மனிதர்களின் முகத்தை அவர் எந்த நிறங்களில் கீறினார் என்பதுதான் ஆய்வு. அவருடைய பெயரைச் சொன்னாலும் உங்கள் வாயில் நுழையாது. எங்கள் வீட்டில் அவர் பெயர் பச்சை மூஞ்சியர். வைத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் எங்கள் இருவரையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சேலை கட்டினேன். அந்த ஓவியரின் அறையில், கதிரையில் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் முகத்தில் பாதி பச்சை.

“முந்தின ஓவியர்மாரிட்டைத் தோலுக்கெண்டு ஒரு கலவை இருந்தது, அப்பா. ஆரைக் கீறினாலும் அதே ரோஸ்தான். நிழலுக்கு மண்ணிறம். இவர் அதைத் தூக்கி எறிஞ்சிட்டார். நிழலுக்குப் பச்சை போடுறார், பாருங்கோ. பச்சைக்குப் பக்கத்தில சிவப்பு. ரெண்டும் ஒண்டோடொண்டு சண்டை பிடிக்கும். அந்தச் சண்டையாலைதான் முகம் உயிரோட இருக்கு. அந்த நேரம் சனம் பார்த்துச் சிரிச்சது. ஆக்களை அவமதிக்கிறார் எண்டு பேசினது.”

அவ்வளவு நீளமான தமிழை அவளுடைய வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. நெற்றி வேர்த்திருந்தது. வீட்டில் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

பக்கத்துப் படத்தில் ஒரு மனிதர், கட்டிலில் எழும்பி உட்கார்ந்தபடி. மஞ்சள் முகம். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அபி மூச்சை அடக்கிக்கொண்டு தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை.”

“என்னப்பா?”

“இந்தாளுக்குச் செங்கமாரி. இருந்து படம் கீறின நேரம் டொக்டரிட்டைக் கொண்டு போயிருக்கலாம்.”

சொல்லிவிட்டு அறை அதிரச் சிரித்தார். செங்கமாரி என்றால் அங்கே உங்களுக்குத் தெரியும். இந்தியத் தமிழர் மஞ்சள் காமாலை என்பார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதானே. இப்போதும் சிரிப்பு வருகிறது.

எங்களைப் போன்ற தோலில் முகம் சிவந்தால் தெரியாது என்பார்கள். பெற்றவளுக்குத் தெரியும். அபி நொர்வேஜிய மொழியில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய ஓவியம் ஒன்றையும் எங்களுக்குக் காட்டவில்லை. கொஞ்ச நாளில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனாள். நாங்கள் நாட்டை விட்டு நாடு புலம்பெயர்ந்தோம். அவள் ஒரே ஊருக்குள் புலம்பெயர்ந்தாள். நிலக்கீழ் ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லாத தூரம். தீபாவளிக்கு வருவாள். இருந்து சாப்பிட மாட்டாள்.

4

அந்தப் பகிடி இவரைத் தேடித் திரும்பி வந்தது.

இவருடைய கண் மஞ்சளாகத் தொடங்க, எங்களை வைத்தியசாலையில் டொக்டருக்கு முன்னால் இருத்தினார்கள். இந்த ஊர்த் தெருவெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர். நொர்வேஜிய மொழியில் சண்டையே பிடிப்பார். ஆனால் பெரிய செய்தியைத் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்லியும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்து மேசையில் வைத்தார்கள். வந்த குரல் தமிழ்நாட்டுக் குரல்.

“வணக்கம் சார், வணக்கம் மேடம். கல்லீரல்ல கட்டி இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. ஆபரேஷன் பண்ற ஸ்டேஜ் தாண்டிடுச்சாம். மஞ்சள் காமாலை இன்னும் அதிகமாகும்னு சொல்றாங்க.”

“தம்பி, செங்கமாரி எண்டு சொல்லும்,” என்றார் இவர்.

“சாரி சார், எங்க ஊர்ல காமாலைன்னுதான் சொல்வோம்.”

“எந்த ஊர்?”

“திருநெல்வேலி சார்.”

“எங்கட யாழ்ப்பாணத்திலையும் ஒரு திருநெல்வேலி இருக்கு. சந்தையில நல்ல கத்தரிக்காய்.”

“அப்படியா சார்! சூப்பர் சார்!”

டொக்டர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி என்ன கேட்கிறார் என்று அவர் கேட்க, அந்தப் பிள்ளை கத்தரிக்காயையும் நேர்மையாக மொழிபெயர்த்தது. பிறகு அதனுடைய நேரம் முடிந்துவிட்டது. “வெச்சிடுறேன் மேடம், டேக் கேர்,” என்றது. இப்படித்தான் எங்களுக்குச் சாவு அறிவிக்கப்பட்டது.

மச்சாள் ஊரிலிருந்து கீழ்க்காய்நெல்லித் தூள் அனுப்பினா. நான் மஞ்சள் போடாமல் கறி வைத்துக் கொண்டுபோனேன். நிறம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் இவர் கைக்கண்ணாடியை வாங்கி முகத்தைப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டிப் பார்த்தார்.

“அவளைக் கூப்பிடு,” என்றார். “அவள் காட்டின அந்தப் படத்து ஆள் மாதிரியே வந்திட்டன். வந்து பார்க்கட்டும். அசையாமல் இருப்பன், கீறட்டும்.”

பகிடிக்குச் சொல்லவில்லை. முப்பது வருடம் அந்தக் குரலைக் கேட்டவளுக்கு வித்தியாசம் தெரியும்.

அபிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “அடுத்த கிழமை வாறன், அம்மா. இப்ப உத்ஸ்டில்லிங் வேலை,” என்றாள். கண்காட்சி என்பதற்கு அவளுக்குத் தமிழ் தெரியாது. அடுத்த கிழமையும் எடுத்தேன். அப்போதும் அடுத்த கிழமை. மூன்றாம் முறை அழுதுகொண்டு சொன்னாள்: “எனக்கு அப்பாவை முந்தியிருந்த மாதிரித்தான் ஞாபகம் வைச்சிருக்க விருப்பம்.”

இந்த வசனம் இந்த நாட்டில் ஆயத்தமாகக் கிடைக்கும். நோயாளியைப் பார்க்கப் போக விருப்பமில்லாதவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எல்லா அளவிலும் இருக்கிறது.

இவர் தினமும் கேட்பார். “வாறாளாமோ?”

“அடுத்த கிழமையாம்.”

“நல்லது. அதுக்குள்ள இன்னும் வடிவா நிறம் பிடிச்சிடும்.”

பிடித்தது. அவள் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, இவர் போனார்.

5

சவப்பெட்டியில் இவரைப் பார்வைக்கு வைத்தபோது நான் விமான நிலையத்தில் நின்ற பெண்ணானேன். ஆளைத் தெரியவில்லை.

இறுதிச் சடங்குக் கடைக்காரர் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் கதைத்தார். முகத்தைக் கொஞ்சம் சரிசெய்யட்டுமா என்று கேட்டார். குகன் ஓம் என்று சொல்லிவிட்டான். ஆனால் அவர்களிடம் இருந்த பூச்சு இந்த நாட்டுச் சனத்துக்கான பூச்சு. அபி அருங்காட்சியகத்தில் சொன்னாளே, ஆரைக் கீறினாலும் ஒரே ரோஸ் என்று, அதுதான். மஞ்சளுக்கு மேலே அதை நன்றாக அப்பியிருந்தார்கள்.

அபி பெட்டிக்குக் கிட்ட வந்தாள். கன்னத்தைத் தொட்டாள். அந்த ரோஸ் பூச்சு விரலில் மாவாக ஒட்டியது. அதைக் காற்சட்டையில் துடைத்தாள்.

“அப்பா நல்ல அமைதியா இருக்கிறார்,” என்றாள்.

சனம் வரிசையில் நின்றது.

6

திவசத்துக்குச் சில கிழமைகள் முன்னர் அபியிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய கண்காட்சியாம், நகரத்துக்குள் ஒரு சிறிய கலைக்கூடத்தில். நான் தனியே போனேன்.

உள்ளே வைன் குவளைகளோடு நொர்வேஜியச் சனம். நடுச்சுவரில் அந்தப் பச்சை முகம். பக்கத்தில் ஒரு சிறிய அட்டை. நான் மெதுவாக வாசிப்பவள், எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘அப்பா, கடைசிக் கிழமை’ என்று தலைப்பு. அதற்குக் கீழே, இறந்துகொண்டிருந்த தந்தையின் கட்டிலருகே கழித்த நாட்களிலிருந்து இந்த ஓவியம் பிறந்தது என்று இருந்தது.

மறுபடியும் வாசித்தேன். மொழி பிழைத்துப்போச்சோ என்று நினைத்தேன். பிழைக்கவில்லை.

கழுத்தில் பெரிய சால்வை சுற்றிய ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் தாயா என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. உங்கள் மகள் எவ்வளவு துணிச்சலாக அந்தக் கட்டிலருகே இருந்து பார்த்திருக்கிறாள் என்றாள்.

“அவள் அங்கே இருக்கவில்லை,” என்றேன். “அவர் பச்சையும் இல்லை. மஞ்சள்.”

நொர்வேஜிய மொழியில் நான் பிழையே இல்லாமல் சொன்ன வசனங்கள் குறைவு. இவை அவற்றில் அடங்கும். சால்வைக்காரி என் கையை விட்டுவிட்டாள்.

அபி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பனி தூவிக்கொண்டிருந்தது.

“எல்லாருக்கும் முன்னால ஏனம்மா இப்பிடிக் கதைக்கிறியள்?”

“உள்ளதைத்தானே சொன்னனான்.”

“அந்த அட்டை நான் எழுதேல்லை. இஞ்சை உள்ள ஆக்கள் எழுதினவை.”

“வாசிச்சனீ தானே?”

அவளுக்குக் கோபம் வந்தது, தகப்பனின் கோபம்தான். “இது போட்டோ இல்லை, அம்மா. அப்பா என்ன நிறம் எண்டது முக்கியமில்லை. இது ஃபோலெல்ஸெ.” உணர்வாம். “எனக்கு என்ன ஃபோலெல்ஸெயோ அதுதான் நிறம். நான் படிச்ச ஓவியரும் அப்பிடித்தான்.”

“சிரிச்சவர் எண்டதுக்காக நீ வரேல்லை,” என்றேன். “அவர் ஒரு நாள் சிரிச்சார். நீ வராமல் விட்டு மாதக்கணக்கிலை சிரிச்சாய்.”

அவள் அந்தப் பனிக்குள்ளேயே குந்திவிட்டாள். நான் குடையை விரித்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். அவளுடைய தலையில் கை வைத்துத் தடவியிருக்கலாம். வைக்கவில்லை.

7

அடுத்த நாளே அருங்காட்சியகத்துக்குப் போனேன். பச்சை மூஞ்சியரோடு எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க இருந்தது. என் பிள்ளைக்கு இந்தக் கெட்ட வித்தையைப் பழக்கியவர் அவர்தானே.

அந்த மஞ்சள் மனிதரின் படத்துக்கு முன்னால், இவர் நின்ற அதே இடத்தில் நின்றேன். முன்பு பார்த்தபோது ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தது. இப்போது கிட்டப் போய்ப் பார்த்தேன். காவலர் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு அடி விலகி மறுபடியும் கிட்டப் போனேன். அது ஒரே மஞ்சளல்ல. கண் மடலில் ஒரு மண்ணிறம். உதட்டோரத்தில் ஊதா. தாடை எலும்பு தோலைத் தள்ளுகிற இடத்தில் பச்சை. நகங்கள் வெளிறி, அவற்றைச் சுற்றி மட்டும் கருமை. அந்த நகங்களை நான் வெட்டியிருக்கிறேன்.

எனக்கு ஓவியம் தெரியாது. படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்லலாம், அபி சொல்வதுபோல. ஆனால் அந்த ஓவியன் தன்னுடைய உணர்வை எங்கேயோ ஒரு அறையில் இருந்து பிழிந்து எடுத்ததாக எனக்குப் படவில்லை. அவன் யாரோ ஒருவருடைய கட்டிலருகே இருந்திருக்கிறான். மணத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஊர் சிரிக்கிற அந்தப் பச்சை அவன் கண்ட பச்சை. என் பிள்ளை அவனிடமிருந்து துணிச்சலை எடுத்துக்கொண்டாள். அவன் கட்டிலருகே கதிரையை எடுத்துப் போட்டு இருந்ததை விட்டுவிட்டாள்.

இதை அவளுக்குச் சொல்ல நினைத்தேன். கைபேசியை எடுத்துவிட்டு, வேண்டாம் என்று மறுபடியும் பைக்குள் வைத்தேன்.

8

திவசத்துக்கு வருகிறேன். கண்காட்சி முடிந்து அவள் அந்தப் படத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது ஏன் என்று உங்களுக்கு இப்போது விளங்கும். சமாதானத்துக்கு வந்திருந்தாள். அல்லது என்னை மடக்க. இரண்டுக்கும் அவளிடம் ஒரே முகம்தான்.

“அண்ணி, எதை வைக்கிறது? கெதியாச் சொல்லுங்கோ,” என்றான் குகன்.

நான் ரோஸ் முகத்தைத் தூக்கிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்ச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பச்சை முகத்தையும் கொண்டுபோய் அதற்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். குத்துவிளக்கை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் வாழையிலையைப் போட்டேன்.

“அண்ணி, இவ்வளவு செலவழிச்சுச் செய்விச்சது! சனம் என்ன சொல்லும்? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் எண்ட மாதிரி நிக்கிறியள்.”

“ஓம், குகன். அப்பிடித்தான் நிக்கிறன்.”

ஐயர் வந்து அமர்ந்தார். சுற்றிவரப் பார்த்தார். “ஐயாவின்ர படம் எங்கை, அம்மா?”

“அவர் வரேல்லை,” என்றேன். “எங்களை அனுப்பினவர்.”

ஐயருக்கு விளங்கவில்லை. குகனுக்கும் விளங்கவில்லை. அபி மட்டும் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். அந்த விமான நிலையக் கதையைச் சிறுவயதில் தகப்பனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தவள் அவள். இப்போது சிரிக்கவில்லை. குசினிக்குள் போய், குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையோ தேடுகிற மாதிரி நின்றாள்.

சனம் சாப்பிட்டுப் போன பிறகும் அவள் போகவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

“அப்பா என்ன நிறம், அம்மா?”

“நிறம் முக்கியமில்லை எண்டாய்.”

“அம்மா, சொல்லுங்கோ. எலுமிச்சம்பழ மஞ்சளோ? மண் மாதிரியோ? எனக்குத் தெரிய வேணும். கண்ணை மூடினா அந்த ரோஸ் மாதான் வருது. வேற ஒண்டும் வருகுதில்லை.”

அழுதாள். பெற்றவள்தானே நான். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வீட்டிலேயே அந்த நிறத்தில் ஒரு பொருள் இருக்கிறது. கையை நீட்டிக் காட்டியிருக்கலாம்.

“வாயால சொல்லத் தெரியாது, பிள்ளை,” என்றேன். “நீ கலந்துகொண்டு வா. நான் பார்த்துச் சொல்லுறன்.”

9

இப்போது அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள்.

சின்னச் சின்ன அட்டைகளில் மஞ்சளைப் பூசிக்கொண்டு வருவாள். யன்னலோரத்தில் வெளிச்சத்துக்கு ஒவ்வொன்றாகப் பிடிப்பாள்.

“இதோ, அம்மா?”

“இல்லை.”

“இதோ?”

“இல்லை. அது மாம்பழம்.”

பிறகு நான் சோறு போடுவேன். இப்போது இருந்து சாப்பிடுகிறாள். அந்த வைத்தியசாலை அறையைப் பற்றிக் கேட்பாள். கட்டில் எந்தப் பக்கம், யன்னல் எந்தப் பக்கம், கடைசியில் எந்த நேரம் வெளிச்சம் விழுந்தது என்று. நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். பத்தியக்காரருக்குக் கஞ்சி கொடுப்பதுபோல.

இவற்றைத் தமிழில் எழுதுகிறேன். அபிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்பப் பட்ட பாட்டுக்குப் பலன் இல்லாமல் போனது நல்லதாய்ப் போச்சு. ஆகவே உங்களுக்குச் சொல்லலாம். கறுத்த தோலுக்கு அடியில் மஞ்சள் ஏறினால் அது மஞ்சளாக வெளியே வராது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்காமல் நெடுநாள் விட்டால் தண்டில் ஒரு நிறம் வருமே, மேலே மண்ணிறமும் ஆழத்தில் பொன்னும் இடுக்குகளில் பச்சையுமாக, அதுதான். திவசத்தன்று படையலுக்கு முன்னால் வைத்த அதே குத்துவிளக்கு. அதை மினுக்காமல்தான் வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

போன ஞாயிறு அவள் கொண்டுவந்த அட்டைகளில் ஒன்றைக் கண்டேன். அதேதான். நெற்றியும் கன்னமும் எனக்கு முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதோ, அம்மா?”

ஓம் என்றால் அவள் போய்விடுவாள். நன்றாகக் கீறுவாள்; பெரிய சுவரில் தொங்கும்; சால்வைக்காரிகள் அழுவார்கள். எனக்குத் தீபாவளி மிஞ்சும். தகப்பன் அந்த நிறத்தோடு, வாசலைப் பார்த்தபடி, காத்துக்கொண்டு கிடந்தார். அதை அவள் ஒரு மத்தியானத்தில் வாங்கிக்கொண்டு போவதா?

“இல்லை,” என்றேன்.

அவள் கை கழுவப் போன நேரம் அந்த அட்டையை எடுத்து அரிசிப் பெட்டிக்குள் புதைத்தேன். வந்து அட்டைகளை அடுக்கினாள். ஒன்று குறைவதை அறியவில்லை. முகம் வாடியிருந்தது, தகப்பனின் தாடை அப்படியே.

“கிட்ட வந்திட்டாய், பிள்ளை,” என்று சொல்லி அவளுக்குச் சோற்றைப் போட்டேன். “அடுத்த கிழமை கொண்டு வா.”